அக்கா, நான், தம்பி சேர்ந்து டீத்தூள் பேக்கிங்: முதல், சம்பளம், பங்கு எப்படிப் பிரிப்பது?

கொழுந்துக்கூடை (கேள்வி)

வணக்கம். ஊர் கோத்தகிரிப் பக்கம். அப்பா அம்மா சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் மூவர். அக்கா நர்ஸ். நான் இலை ஏஜென்ட். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொடுக்கிறேன். தம்பி மேட்டுப்பாளையம், காரமடை, அன்னூர் லைனில் டீக்கடைகளுக்கு வேறொருவர் பேக் செய்த தூளைப் போடுகிறான்.

இனி நாங்களே தூள் வாங்கி, கலந்து, எங்கள் பெயரில் பேக் செய்து விற்க நினைக்கிறோம். வாரம் 500 கிலோவில் ஆரம்பிக்கலாம் என்பது தம்பியின் கணக்கு. அக்கா 4 லட்சம் போடுகிறார், நான் 3 லட்சம், தம்பி 1 லட்சம். தம்பி முழுநேரமும் இதில்தான். அவன் பெயரில் உள்ள மினி லாரியும் இதற்கே ஓடும். நான் பாதி நேரம். அக்கா வேலையை விடமாட்டார்.

"கூடப்பிறந்ததுகளுக்குள்ள என்ன கணக்கு, சமமாப் போட்டுக்கங்க" என்கிறார் அப்பா. போட்ட பணத்தின் அளவில்தான் பங்கு என்கிறார் மச்சான். தம்பிக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. வெறுங்கையோடு மலைக்கு வந்த குடும்பங்களில், கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து தொழிலை நிலைநிறுத்தியவர்கள் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள்? கணக்கு தெரிந்தவர்களும் தூள் தெரிந்தவர்களும் விவரமாகச் சொல்லுங்கள்.

—

பற்றுவரவு (குன்னூர்)

அப்பா, மச்சான் இருவர் பேச்சிலும் ஒரே குறைதான். மூன்று வேறு விஷயங்களை ஒரே சதவீதத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். போட்ட பணம் ஒன்று, செய்கிற வேலை ஒன்று, நஷ்டம் வந்தால் தாங்குகிற பொறுப்பு ஒன்று. பணத்துக்கு வட்டி, வேலைக்குச் சம்பளம், பொறுப்புக்கு லாபப் பங்கு என்று தனித்தனியாக எழுதிவிட்டால், அப்பா சொன்ன சமபங்கையே வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கும் மனக்குறை வராது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். வாரம் 500 கிலோ, பண்டிகை, மழை, மண்சரிவு எல்லாம் போக ஆண்டுக்கு 48 வாரம் என்றால் 24,000 கிலோ. எல்லாச் செலவும் போய் கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால் ஆண்டுக்கு 3,60,000. (15 என்பது உதாரணத்துக்கு. உங்கள் ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

முதலுக்கு 9% வட்டி: அக்காவுக்கு 36,000, உங்களுக்கு 27,000, தம்பிக்கு 9,000. மொத்தம் 72,000. சம்பளம்: தம்பிக்கு மாதம் 10,000, உங்களுக்கு 5,000. ஆண்டுக்கு 1,80,000. மீதி 1,08,000, அதை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 36,000. கடைசியில் அக்காவுக்கு 72,000, உங்களுக்கு 1,23,000, தம்பிக்கு 1,65,000. வெறும் சமபங்கு என்றால் தம்பிக்கு 1,20,000தான். லைனில் வெயிலும் மழையும் அவனுக்கு. போட்ட பணத்தின் அளவில் என்றால் அவனுக்கு வெறும் 45,000. அவன் மனசுக்கு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது.

இனி இதைவிடப் பெரிய விஷயம். அந்த லாபம் கையில் நிற்காது, சரக்காகவும் கடைப் பாக்கியாகவும் நிற்கும். தூள் அடக்கம் கிலோ 150 என்றால் வாரச் சரக்கு 75,000. குடோனில் 2 வாரச் சரக்கு 1,50,000. டீக்கடைகள் 3 வாரப் பாக்கி வைக்கும், அது 2,25,000. ஆக 3,75,000 எப்போதும் முடங்கிக் கிடக்கும். வாரம் 1,000 கிலோ ஆக்க வேண்டுமானால் இன்னொரு 3,75,000 வேண்டும். மாதம் 30,000 லாபத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டால் பன்னிரண்டரை மாதத்தில் அந்தப் பணம் சேரும். மேலே சொன்ன சம்பளத்தை மட்டும் எடுத்தால் 25 மாதம். ஆளுக்கு 10,000 வீதம் மூவரும் எடுத்தால் ஒருநாளும் சேராது. கடை நடக்கும், வளராது.

கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து முன்னேறிய குடும்பங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒருவர் வெளிச்சம்பளத்தில் இருப்பார், வீட்டு அடுப்பு அதில் எரியும். தொழில் லாபம் தொழிலிலேயே தங்கும். உங்கள் வீட்டில் அக்காவின் நர்ஸ் சம்பளமும் உங்கள் இலைக் கமிஷனும் அந்த வேலையைச் செய்கின்றன. அக்கா வேலையை விடாததை அரை மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வட்டியையும் லாபப் பங்கையும் அவரவர் கணக்கில் வரவு வையுங்கள், 2 ஆண்டுக்கு எடுப்பதில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். சம்பளம் மட்டும் மாதாமாதம் போகட்டும்.

பத்திரத்தில் எதுவும் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 13வது பிரிவு தானாக வந்து உட்காரும்: வேலைக்குச் சம்பளம் கிடையாது, லாபநஷ்டம் சமம், முதலுக்கு வட்டி தருவதாகப் பேசியிருந்தாலும் லாபத்திலிருந்து மட்டுமே. முதலுக்கு மேல் தொழிலுக்காகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் 6% வட்டி. 20 ஆண்டு லைனில் அலைந்தவருக்கும் வீட்டில் இருந்தவருக்கும் சட்டம் ஒரே பங்கு கொடுப்பது இதனால்தான். பத்திரத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்யுங்கள். பதியாத கூட்டு நிறுவனம் பாக்கிக்காகக் கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியாது.

வரியில் கவனிக்க வேண்டியது: பங்குதாரருக்கு வட்டி 12% வரைதான் செலவாக ஏற்பார்கள். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. வட்டி கழித்த லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 3 லட்சம் அல்லது 90%, எது அதிகமோ அது. உங்கள் 1,80,000 அதற்குள் அடங்கும். 2025 ஏப்ரல் 1 முதல் பங்குதாரருக்குத் தரும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 தாண்டினால் நிறுவனம் 10% பிடித்துக் கட்ட வேண்டும். கையில் கொடுக்காமல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தம் உண்டு. மேலே உள்ள எண்ணில் அக்காவுக்கு 3,600, உங்களுக்கு 8,700, தம்பிக்கு 12,900. வரி இல்லாதவர்கள் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30% ஏற்கப்படாது. பலர் இதில் மாட்டுகிறார்கள்.

மினி லாரி தம்பி பெயரிலேயே இருக்கட்டும். முதலாகச் சேர்த்தால் என்ன விலை என்பதில் ஆரம்பத்திலேயே முறுக்கு வரும். கிலோமீட்டருக்கு இவ்வளவு வாடகை, டீசல் நிறுவனம், டயரும் இன்ஜின் வேலையும் தம்பி என்று எழுதி, டிரிப் ஷீட்டில் மீட்டர் எண்ணை ஏற்றுங்கள்.

—

தூள்கிரேடு (மேட்டுப்பாளையம்)

கணக்கை மேலே சொல்லிவிட்டார். சரக்குப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் ஷெட் எங்கே என்பது. கோத்தகிரியில் போடாதீர்கள். டிரையரிலிருந்து வரும்போது தூளில் ஈரம் 3% அளவில் இருக்கும். மலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் அக்டோபர், நவம்பரிலும் மூட்டையைத் திறந்து வைத்து பேக் செய்தால் மூடுபனியை அப்படியே இழுத்துக்கொள்ளும். 7% தாண்டினால் சுவை செத்துவிடும், கொஞ்ச நாளில் பூஞ்சை வாடையும் வரும். மேட்டுப்பாளையத்தில் அல்லது காரமடையில் வாடகை ஷெட் எடுத்தால் காற்று காய்ந்திருக்கும், லைனும் பக்கம், காலி வண்டி மலையேற வேண்டியதில்லை. எங்கே எடுத்தாலும் சிமென்ட் தரையில் மூட்டையை வைக்கக் கூடாது; மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்குங்கள். பக்கத்தில் மசாலா, சோப்பு, பூண்டு குடோன் இருந்தால் அந்த இடமே வேண்டாம். தூள் எந்த வாடையையும் ஒரே இரவில் பிடித்துக்கொள்ளும்.

வாங்குவது. குன்னூர் ஏலத்தில் நேரடியாக எடுக்கத் தேயிலை வாரியத்தில் வாங்குவோராகப் பதிவு வேண்டும், பணமும் குறித்த தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாரம் 500 கிலோவுக்கு அது தேவையில்லை. பதிவுள்ள வாங்குவோரிடமிருந்தோ ஃபேக்டரியிலிருந்தோ பில்லோடு எடுங்கள். நீங்கள் இலை கொடுக்கிற ஃபேக்டரியிலேயே இலைப் பணத்துக்குப் பதிலாகத் தூள் வாங்கும் பழக்கத்தை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். இலைப் பணம் விவசாயிகளுடையது, தூள் உங்கள் மூவருடையது. இரண்டும் ஒரே நோட்டில் கலந்தால் எதில் லாபம், எதில் நஷ்டம் என்றே தெரியாது. அந்த ஃபேக்டரி ஒரு மாதம் நிலுவை வைத்தால் இரண்டு தொழிலும் சேர்ந்து நிற்கும்.

டீக்கடைக்குச் சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்வது) டஸ்ட் வகைதான். உயரமான தோட்டத் தூளில் மணம் இருக்கும், பாலில் நிறம் மெலிவாக வரும். கூடலூர், வயநாடு பக்கம் இறங்க இறங்க நிறமும் கெட்டியும் கூடும், மணம் குறையும். அதனால் கலப்பு. குறைந்தது மூன்று ஃபேக்டரி மார்க் (ஃபேக்டரியின் பெயரில் வரும் தூள்) வையுங்கள், எந்த ஒன்றும் 40% தாண்டக் கூடாது. அந்த மார்க் ஒரு வாரம் வராமல் போனாலும் அதன் தரம் இறங்கினாலும் மொத்தச் சுவையும் மாறாது. டீக்கடைக்காரர் விலை 5 ரூபாய் ஏறினால் பேசுவார். சுவை மாறினால் பேசாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார். ஏப்ரல், மே, ஜூனில் இலை வெள்ளமாக வரும்போது விலை இறங்கும். அப்போது சாறு மெலிந்திருக்கும். மலிவு என்று மூன்று மாதச் சரக்கை வாங்கிக் கட்டிவைத்தால் அது முடியும்வரை கடையில் திட்டு வாங்க வேண்டியதுதான்.

சாம்பிள் பார்ப்பது எப்படி: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். இது ஐஎஸ்ஓ 3103 முறை, லாட்டை லாட்டோடு ஒப்பிட. இதை மலைத் தண்ணீரில் மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். மலையில் தண்ணீர் மென்மை, எந்தத் தூளும் பளிச்சென்று தெரியும். அன்னூரில் ஆழ்துளைக் கிணற்றின் கடினத் தண்ணீர். அதே தூள் மங்கிக் கறுக்கும். எந்த ஊர்க் கடைக்குப் போடுகிறீர்களோ அந்த ஊர்த் தண்ணீர் ஒரு கேன் கொண்டுவந்து, பால் சேர்த்து, கடைக்காரர் கொதிக்க வைக்கிற மாதிரியே கொதிக்க வைத்துப் பாருங்கள்.

மலிவாக நிறம் தரும் தூள் என்று யாராவது வந்தால், நனைத்த வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை தூவுங்கள். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுப் புள்ளி பரவினால் சாயம். ஒரு மூட்டைகூட வேண்டாம். பாக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி சாம்பிள் எடுத்தால் வழக்கு மூவர் மேலும் வரும்.

மெஷின் பற்றி. ஆரம்பத்தில் எடைத்தராசும் கையால் வைக்கும் பேண்ட் சீலரும் போதும். வாரம் 1,000 கிலோ தாண்டிய பிறகு கப் ஃபில்லர் உள்ள பேக்கிங் மெஷின் பாருங்கள். கப் ஃபில்லர் அளப்பது கன அளவை, எடையை அல்ல; லாட் மாறும்போது தூளின் அடர்த்தி மாறும், 250 கிராம் கப்பில் 240ம் விழும், 262ம் விழும். அரை மணிக்கு ஒருமுறை 10 பாக்கெட் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். 250 கிராமில் ஒரு பாக்கெட்டுக்கு 9 கிராம் வரை குறையைச் சட்டம் பொறுக்கும், ஆனால் மொத்தச் சராசரி 250க்குக் கீழே போகக் கூடாது. கூடுதலாக விழுவது உங்கள் லாபத்திலிருந்து போவது: பாக்கெட்டுக்கு 6 கிராம் கூட விழுந்தால் கிலோவுக்கு 24 கிராம், 150 ரூபாய்த் தூளில் 3 ரூபாய் 60 காசு. கிலோவுக்கு 15 ரூபாய் லாபத்தில் கிட்டத்தட்ட கால்வாசி தராசிலேயே போய்விடும்.

சீல் விட்டுப்போவது அடுத்த தலைவலி. டஸ்ட் பறந்து உறையின் வாயில் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் சூடு பட்டால் ஒட்டாது. கொட்டும் புனலை உறைக்குள் நன்றாக இறக்குங்கள். சீல் செய்த பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா பாருங்கள். உறைக்கு உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள லேமினேட் எடுங்கள், வெறும் பாலிதீன் உறையில் மணம் நிற்காது. பிரின்ட் போட்ட ரோலுக்கு உடனே போகாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சிலிண்டர் செலவு, குறைந்தபட்ச ஆர்டரும் பெரிது. முகவரியோ கலவையோ மாறினால் அத்தனையும் குப்பை. முதல் ஆண்டு பிளெயின் உறை, மேலே ஸ்டிக்கர்.

—

கொழுந்துக்கூடை

இருவருக்கும் நன்றி. இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. இன்னும் மூன்று சந்தேகம். அம்மா வழியில் பந்தலூர் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை அனுபவத்தில் இருக்கிறது; அதை வைத்துக் கடன் வாங்கலாமா? சீக்கிரம் ஆரம்பிக்க இப்போதைக்குத் தம்பி பெயரில் ஜிஎஸ்டி, பிராண்ட் எல்லாம் எடுத்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாமா? நாளைக்கு யாராவது விலக நேர்ந்தால், அல்லது ஏதாவது ஆகிவிட்டால், பத்திரத்தில் என்ன இருக்க வேண்டும்?

—

தேவாலாக்காரர்

நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பந்தலூர் என்றதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பட்டா இருக்கிறதா என்பது. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் ஏராளமான நிலம் 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17வது பிரிவில், உரிமை முடிவாகாமல் சிக்கிக் கிடக்கிறது. தலைமுறையாகத் தேயிலை பறித்தாலும் அதற்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் வங்கி தொடாது. மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. அதனால் அங்கே ஷெட் போடும் எண்ணமும் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய அனுபவ பாத்தியம் என்றால் யாருக்கும் அடமானம் வைக்காதீர்கள். தனியார் வட்டிக்காரர் மட்டும்தான் அதை ஏற்பார், எந்த நோக்கத்தில் ஏற்பார் என்பது உங்களுக்கே தெரியும். பட்டா இருந்தாலும் அது அம்மாவின் சொத்து. தொழிலுக்கு அடமானம் வைத்தால் மூன்று பிள்ளைகளுக்கும் போக வேண்டிய சொத்து ஒரே தொழிலின் ஆபத்துக்குள் போகிறது. கூட்டு நிறுவனத்தில் ஒவ்வொரு பங்குதாரரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு என்பதால் வீட்டுச் சொத்தைத் தள்ளி வைத்திருப்பதே நல்லது.

கடன் வேண்டுமென்றால் ரெப்கோ வங்கியைப் பாருங்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகவே 1969இல் தொடங்கியது. அவர்களும் மத்திய அரசும் தென்மாநில அரசுகளும் பங்குதாரர்கள். அப்பாவின் குடும்ப அட்டை, பாஸ்போர்ட் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வகுப்பு என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% முதலீட்டு மானியம் உண்டு, மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே தடை பெரும்பாலும் சாதிச் சான்றிதழில்தான் வரும். இலங்கையில் எழுதிய பெயர் ஒன்று, இங்கே ஆதாரில் வேறொன்று, இனிஷியல் மாறியிருக்கும். அதை முதலில் சரி செய்யாமல் திட்ட அறிக்கைக்குச் செலவழிக்காதீர்கள். மானியம் கைக்கு வரும் என்று நம்பி மெஷினுக்கு அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். கடன் ஒப்புதலுக்கு முன் வாங்கியது கணக்கில் வராமல் போகலாம்.

—

கடல்தாண்டி

வெறுங்கையோடு வந்த கூடப்பிறந்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டீர்கள். வெளியுலகில் மூன்று குடும்பங்களின் விவரம் எல்லோரும் அறிந்தது, உங்களுக்கும் பொருந்தும்.

குஜராத்திலிருந்து சிகாகோவுக்குப் போன மஃபத், துளசி பட்டேல் சகோதரர்கள் 1974இல் டெவான் அவென்யூவில் ஒரே ஒரு மளிகைக்கடை போட்டார்கள். தங்களைப் போல வந்திறங்கிய மக்களுக்குப் பருப்பும் மசாலாவும் கிடைக்காத இடத்தில் அதைக் கொடுத்தார்கள். பிறகு சொந்தப் பாக்கெட், சொந்தப் பிராண்ட். இன்று அமெரிக்கா முழுதும் 50க்கு மேல் கடைகள். உங்கள் தம்பி லைனில் ஒவ்வொரு கடையாகச் சம்பாதித்த பழக்கம் இதற்குச் சமானமான முதல். அக்காவின் 4 லட்சத்துக்குக் குறைந்ததல்ல அது. பத்திரம் எழுதும்போது இதை மறக்காதீர்கள்.

இங்கிலாந்தில் பிளாக்பர்னைச் சேர்ந்த மோஸின், ஸுபேர் இஸ்ஸா சகோதரர்கள். பெற்றோர் குஜராத்திலிருந்து நெசவாலை வேலைக்குப் போனவர்கள். 2001இல் பெரி ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கிருந்து கடன் வாங்கி வாங்கிப் பெட்ரோல் பங்க்குகளைச் சேர்த்து, 2021இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆஸ்டா சூப்பர்மார்க்கெட்டையே 680 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். கடனும் கூடவே ஏறியது. 2024இல் ஸுபேர் ஆஸ்டாவிலிருந்த தன் பங்கை விற்று விலகினார். கடனில் வளர்ந்தால் வேகம் வரும். ஒருவருக்கு அந்த வேகம் போதும் என்று தோன்றும் நாளும் வரும். அன்றைக்கு வெளியேற வழி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது இந்துஜா குடும்பம். சிந்துவிலிருந்து ஈரான், அங்கிருந்து லண்டன். 2014 ஜூலையில் நான்கு சகோதரர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்: ஒருவர் பெயரில் இருக்கும் சொத்து நால்வருக்கும் சொந்தம் என்று. பின்னால் அந்தக் கடிதத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா என்பதே லண்டன் நீதிமன்றத்தில் வழக்காகி, 2020இல் தீர்ப்பு வழியாக வெளியுலகுக்குத் தெரிந்தது. அவ்வளவு பெரிய குடும்பத்துக்கே, யார் பெயரில் எது என்பதும் மனசுக்குள் உள்ள ஏற்பாடும் வெவ்வேறாக இருந்ததுதான் சிக்கல். இப்போதைக்குத் தம்பி பெயரில் எடுத்துவிட்டுப் பிறகு மாற்றலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது.

—

பற்றுவரவு (குன்னூர்)

கடைசி இரண்டு கேள்விக்கு நேராகச் சொல்கிறேன்.

தம்பி பெயரில் எடுக்காதீர்கள். தனிநபர் ஜிஎஸ்டியைக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. பான் வேறு, புதிய பதிவுதான். நடுவில் இருக்கும் சரக்கு, பாக்கி, வரி வரவு எல்லாவற்றையும் பெயர் மாற்ற வேண்டும். பிராண்டின் டிரேட்மார்க் 30வது வகுப்பில் வரும். உத்யம் பதிவுள்ள சிறுநிறுவனத்துக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய்தான் கட்டணம். நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பியுங்கள். கடைகளில் ஒட்டும் யுபிஐ ஸ்டிக்கரும் நிறுவன நடப்புக் கணக்குக்கே இருக்கட்டும். லைன் வசூல் ஒருவரின் சொந்த ஃபோனுக்கு வந்து, அதிலிருந்து வீட்டு வாடகையும் போய், மாதக் கடைசியில் நினைவில் உள்ளதை எழுதுவது என்று ஆரம்பித்தால், இரண்டு ஆண்டில் ஒருவரையொருவர் திருடன் என்று நினைக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடும். அங்கே ஒருவரும் திருடியிருக்க மாட்டார்கள். டீசலுக்கும் சில்லறைக்கும் வாரம் ஒரு தொகையைத் தம்பியிடம் முன்பணமாகக் கொடுங்கள், பில் கொடுத்தால் அடுத்த வாரத்துக்கு நிரப்புங்கள். அக்காவின் 4 லட்சம் வங்கி வழியாகவே வரட்டும்.

விலகல். பங்குதாரர் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலையும் என்பதுதான் சட்டத்தின் இயல்பு நிலை. மீதிப்பேர் தொடரலாம் என்று பத்திரத்தில் இருந்தால்தான் தொடரும். காலம் எழுதாத கூட்டை எந்தப் பங்குதாரரும் ஒரு நோட்டீஸில் கலைக்கலாம். அதனால் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: ஒருவர் போனாலும் நிறுவனம் தொடரும், விலகுபவர் 6 மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், அவர் கணக்கில் உள்ள தொகையை 24 மாதத் தவணையில், குறித்த வட்டியோடு தர வேண்டும். தவணை இல்லாமல் எழுதினால் ஒரே நாளில் 5 லட்சத்தை எடுக்க வேண்டிவரும். அது சரக்கிலும் பாக்கியிலும் கிடக்கிற பணம், எடுத்தால் லைன் நின்றுவிடும். கணக்குத் தீர்க்காமலே மற்றவர்கள் தொழிலை நடத்தினால், விலகியவர் அல்லது வாரிசு தன் பணத்துக்கு உரிய லாபத்தையோ 6% வட்டியையோ கேட்கலாம். பிராண்டுக்கு என்ன மதிப்பு என்பதையும் இப்போதே எழுதுங்கள். கடைசி 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் ஒரு மடங்கு என்பது போல ஒரு சூத்திரம் போதும்.

அக்கா விஷயத்தில் ஒரு வார்த்தை. போட்ட முதல் பணத்தில் பாதி அவருடையது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு எதற்குப் பத்திரத்தில் பெயர், தம்பிமார் பார்த்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர் பெயர் பங்குதாரராகவே இருக்கட்டும், வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து என்றால் அதில் ஒன்று அவருடையதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை சரக்கு இருப்பு, கடைப் பாக்கிப் பட்டியல், வங்கி இருப்பு மூன்றையும் அவர் ஃபோனுக்கு அனுப்புங்கள். மச்சானும் பார்க்கட்டும். தெரியாதபோதுதான் சந்தேகம் வரும்.

—

தூள்கிரேடு (மேட்டுப்பாளையம்)

வரிசை மட்டும் சேர்த்துவிடுகிறேன். பத்திரம், பான், பதிவாளர், நடப்புக் கணக்கு, டேன் (வரி பிடித்துக் கட்டுவதற்கான எண்), உத்யம் (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு, எடையளவுத் துறையில் பேக்கராகப் பதிவு (பேக் செய்ய ஆரம்பித்து 90 நாளுக்குள்). தூளுக்கு ஜிஎஸ்டி 5%, உறை ரோலுக்கு 18% என்பதால் கட்டிய வரி கொஞ்சம் தேங்கும், போடும் முதல் பணத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கரில் நிறுவனப் பெயர், முகவரி, நிகர எடை, பேக் செய்த மாதம் ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த விலை, கிராமுக்கு அல்லது கிலோவுக்கு விலை, புகார் எண், லாட் எண், உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும். வயநாடு, வால்பாறைத் தூள் கலந்திருந்தால் 'சுத்த நீலகிரி' என்று போடாதீர்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (இலையைச் சுருட்டிச் செய்யும் வகை) தேயிலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

புதுக் கடைக்கு முதல் சரக்கு 5 கிலோவுக்கு மேல் கடனில் வேண்டாம். முந்தைய பில் தீர்ந்த பிறகே அடுத்தது. லைனில் தம்பிக்கு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். "அக்காகிட்டக் கேட்கணும்" என்று சொல்லச் சொல்லுங்கள், எல்லாக் கடையிலும் செல்லும்.